எந்தப் பாகம் என்று கேளுங்கள்

1997 டிசம்பர் 16ஆம் தேதி பிரிட்டனில் ஒரு தடை அமலுக்கு வந்தது. எலும்போடு சேர்ந்த மாட்டிறைச்சியைக் கடையில் விற்கக் கூடாது. உணவகத்தில் பரிமாறவும் கூடாது. ‘மேட் கவ்’ நோய்க்குக் காரணமான புரதம் முதுகெலும்பை ஒட்டிய நரம்பு முடிச்சுகளில் தங்கியிருக்கக்கூடும் என்று ஆய்வாளர்கள் எச்சரித்ததால் பிறந்த உத்தரவு அது. விலாவெலும்பு ரோஸ்ட்டும் வால் சூப்பும் ஒரே நாளில் சட்டத்துக்குப் புறம்பாயின. ஸ்காட்லாந்தில் தடையை மீறி விருந்து வைத்த விடுதி உரிமையாளர் ஒருவர்மீது வழக்கே தொடரப்பட்டது. 1999 டிசம்பரில்தான் தடை விலகியது.

ஒரு துண்டு கறிக்காக நீதிமன்றம்வரை போக ஒருவர் தயாராக இருந்தார் என்றால், அந்த நாட்டில் அதற்கு இருக்கும் இடம் அப்படி. வில்லியம் ஹோகார்த் 1748இல் தீட்டிய கலே நகர வாயில் ஓவியத்தின் நடுவே ஒரு சமையல்காரர் மாபெரும் மாட்டிறைச்சித் துண்டைச் சுமந்து தள்ளாடுகிறார். ஒட்டிய வயிற்றோடு பிரெஞ்சுச் சிப்பாய்கள் அதை வெறித்துப் பார்க்கிறார்கள். பிரெஞ்சுக்காரர்கள் ஆங்கிலேயருக்கு வைத்த பட்டப்பெயரே ‘ரோஸ்பிஃப்’. ஞாயிறு மதியம் குடும்பம் கூடி உண்ணும் ரோஸ்ட் இன்றும் அங்கே ஒரு வாரச் சடங்கு.

ஆனால் இந்தப் பெருமைக்குள் ஒரு பிழை ஒளிந்திருக்கிறது. விலாவெலும்புக்குப் பொருந்தும் சமையல்முறையை எல்லாப் பாகத்துக்கும் பொதுவாக்கிவிட்டார்கள். விலாவெலும்பு வாங்க வசதியில்லாத வீடுகளில் பின்தொடையிலிருந்து அறுத்த ‘டாப்சைட்’ ஓவனுக்குள் போகிறது. அதே சூட்டில், அதே கணக்கில் வேகிறது. சாம்பல் நிறத்தில் வறண்டு வெளியே வருகிறது. ஆங்கிலச் சமையல் சுவையற்றது என்று உலகம் முழுக்கப் பரவிய பேச்சுக்கு இந்த ஒரு பழக்கம் நிறையவே தீனி போட்டிருக்கிறது. கறியில் குற்றமில்லை, நெருப்பிலும் குற்றமில்லை. மாட்டின் எந்தப் பாகம் இது என்று யாரும் கேட்கவில்லை. கேட்காத பழக்கம் இங்கிலாந்தோடு நிற்கவில்லை என்பதால்தான் இதைத் தமிழிலும் பேச வேண்டியிருக்கிறது.

மாட்டின் உடலைப் புரிந்துகொள்ளப் பெரிய படிப்பு வேண்டாம். எந்தத் தசை உழைக்கிறது, எந்தத் தசை சும்மா இருக்கிறது என்று பார்த்தால் போதும். நிற்பதற்கும் நடப்பதற்கும் மேய்வதற்கும் மாடு கால்களையும் தோளையும் கழுத்தையும் மார்பையும் ஓயாமல் பயன்படுத்துகிறது. நின்றுகொண்டிருக்கும்போதே அதன் எடையில் ஏறத்தாழ அறுபது சதவீதத்தை முன்னங்கால்கள்தான் தாங்குகின்றன. முதுகின் நடுப்பகுதிக்கு அவ்வளவு வேலை இல்லை. முதுகெலும்புக்கு உட்புறம் ஒட்டிக்கிடக்கும் நீண்ட தசைக்கு அதைவிடவும் குறைவு. மேலைநாடுகளில் அதை ‘டெண்டர்லாய்ன்’ என்பார்கள். சென்னை, பெங்களூர் கறிக்கடைகளில் ‘அண்டர்கட்’ என்று கேட்டால் கிடைக்கும். ஒரு மாட்டில் சில கிலோ மட்டுமே தேறும் இந்தப் பாகம்தான் எங்கும் விலை அதிகம்.

தசை என்பது முறுக்கிய கயிறு போன்றது. மெல்லிய இழைகள் கற்றை கற்றையாகச் சேர்ந்து, ஒவ்வொரு கற்றையையும் ஒரு ஜவ்வு உறை சுற்றியிருக்கும். அந்த உறையின் முக்கியப் புரதம் கொலாஜன். உழைக்கும் தசையில் உறை தடிமனாகவும் வலுவாகவும் இருக்கும். சோம்பலான தசையில் மெல்லியதாக இருக்கும். சமையல் முழுவதும் இந்த இரண்டுக்கும் நடக்கும் இழுபறிதான். ஏனென்றால் இழைக்கு ஒரு சூடு பிடிக்கும். உறைக்கு வேறொரு சூடு.

கறியின் நடுப்பகுதி 50 டிகிரி செல்சியஸைத் தொடும்போது இழையிலுள்ள மயோசின் என்ற புரதம் உறையத் தொடங்குகிறது. கறி பச்சைத் தன்மை நீங்கி இறுகும், ஆனால் சாறு உள்ளேயே இருக்கும். 60 முதல் 65 டிகிரியில் கொலாஜன் உறை சுருங்கி இழைகளை நெரிக்கிறது. பிழிந்ததுபோலச் சாறு வெளியேறுகிறது. 70ஐத் தாண்டும்போது ஆக்டின் என்ற இன்னொரு புரதமும் உறைந்துவிடும். கறி வறண்டு கெட்டியாகிறது. அவசரக்காரர்கள் பெரும்பாலும் இங்கேதான் அடுப்பை அணைக்கிறார்கள். அணைக்கக் கூடாத இடமும் அதுவே. 70க்கு மேல் மணிக்கணக்கில் பொறுமையாக வைத்திருந்தால் அதுவரை நெரித்த கொலாஜன் மெல்லக் கரைந்து ஜெலட்டினாக மாறும். இழைகள் பிரியும், வழவழப்பான ஜெலட்டின் அவற்றைப் பூசிக்கொள்ளும், நடுச்சூடு 90, 95ஐ எட்டும்போது முள்கரண்டி வைத்தாலே கறி விலகும்.

ஆக, மாட்டிறைச்சி ரோஸ்ட்டுக்கு நல்ல நிறுத்தங்கள் இரண்டுதான். சோம்பல் தசைக்கு 55ஐ ஒட்டி. உழைப்புத் தசைக்கு 90க்கு மேல். நடுவில் இறங்கினால் எந்தப் பாகமாக இருந்தாலும் ஏமாற்றம்தான். சமையல் புத்தகங்கள் ‘கிலோவுக்கு நாற்பது நிமிடம்’ என்று கணக்குச் சொல்வதைக் காட்டிலும் இந்த ஒரு விஷயத்தைச் சொல்லியிருந்தால் எத்தனையோ ஞாயிற்றுக்கிழமைகள் காப்பாற்றப்பட்டிருக்கும். ஓவனின் குமிழில் எழுதியிருக்கும் சூடும் கறியின் நடுவில் இருக்கும் சூடும் வேறு வேறு. கறிக்குள் செருகும் சிறிய தெர்மாமீட்டர் ஒன்று இருந்தால் யூகத்துக்கே வேலையில்லை.

முதலில் புகழ்பெற்ற பாகத்தைப் பார்த்துவிடலாம். மாட்டுக்குப் பதின்மூன்று ஜோடி விலாவெலும்புகள். அமெரிக்காவில் ஆறாவதிலிருந்து பன்னிரண்டாவதுவரை உள்ள பகுதியைத்தான் ‘ரிப் ரோஸ்ட்’ என்று அறுக்கிறார்கள். தசைக்குள் வெள்ளை நரம்போட்டமாகக் கொழுப்பு பரவியிருக்கும், ஜவ்வு குறைவு. முந்தின நாளே கறியின் எடையில் ஒரு சதவீதம் உப்பைத் தடவி மூடாமல் குளிர்ப்பெட்டியில் வைத்தால் உப்பு உள்ளே இறங்கும், மேல்பரப்பு உலரும். 120 டிகிரி ஓவனில் மெதுவாக ஏற்றி, நடுச்சூடு 50ஐத் தாண்டியதும் எடுத்து ஆறவிட வேண்டும். பெரிய துண்டு வெளியே எடுத்த பிறகும் உள்ளே சில டிகிரி ஏறும். பரிமாறுவதற்குச் சற்று முன் ஓவனை உச்சத்துக்கு ஏற்றிப் பத்து நிமிடம் காட்டினால் மேல்பரப்பு சிவந்து முறுகும்.

முறுகலைக் கடைசியில் வைப்பதற்குக் காரணம் இருக்கிறது. ‘முதலில் அதிகச் சூட்டில் வாட்டினால் துளைகள் மூடிச் சாறு உள்ளே தங்கும்’ என்ற நம்பிக்கையை 1847இல் பரப்பியவர் யுஸ்டுஸ் ஃபான் லீபிக் என்ற ஜெர்மன் வேதியியலாளர். பெரிய விஞ்ஞானி, இந்த விஷயத்தில் அவர் சொன்னது தவறு. வாட்டிய கறியிலிருந்தும் சாறு வெளியேறவே செய்யும். வாட்டலால் கிடைப்பது சாறு அல்ல, மணம். 140 டிகிரியை ஒட்டிப் புரதமும் சர்க்கரையும் வேகமாக வினைபுரிந்து நூற்றுக்கணக்கான மணப்பொருள்களை உண்டாக்கும். 1912இல் லூயி கமீ மெயார் என்ற பிரெஞ்சு வேதியியலாளர் விவரித்த வினை அது. எனவே மேல்பரப்பு எப்போது சிவந்தாலும் சரிதான். உள்ளே இருக்கும் தசையை வறளவிடாமல் சிவக்க வைப்பதுதான் முக்கியம்.

மெதுவான சூட்டின் அருமையும் புதிய கண்டுபிடிப்பல்ல. பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் ரம்ஃபோர்ட் பிரபு என்ற விஞ்ஞானி, உருளைக்கிழங்கு உலர்த்தும் கருவிக்குள் ஒரு ஆட்டுத் தோளை வைத்து இரவு முழுக்க விட்டுப்பார்த்தார். காலையில் அது பக்குவமாக வெந்திருந்தது. 1969இல் லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷன் மேடையில் நிக்கோலஸ் கூர்ட்டி என்ற இயற்பியல் பேராசிரியர் அந்தச் சோதனையை மறுபடியும் எடுத்துப் பேசினார். விஞ்ஞானிகளுக்கு ஆச்சரியமான இந்த விஷயம், விறகடுப்பின் கங்கில் சட்டியை இறக்கிவைத்துவிட்டு வயலுக்குப் போன பெண்களுக்கு எந்தக் காலத்திலும் தெரிந்ததுதான்.

டாப்சைட்டுக்கும் அதன் பக்கத்திலுள்ள ‘சில்வர்சைட்’டுக்கும் வருவோம். இரண்டும் பின்தொடை. கொழுப்பு மிகக் குறைவு, உழைப்பு நடுத்தரம். கொழுப்பு இல்லாததால் அதிகச் சூட்டைத் தாங்காது. ஜவ்வு அதிகம் இல்லாததால் நீண்ட நேரம் வேகவைத்தாலும் தோள்கறி தரும் வழவழப்பு வராது. ரோஸ்ட் செய்பவரை உண்மையில் சோதிக்கும் பாகங்கள் இவைதான். டாப்சைட்டைக் குறைந்த சூட்டில் 55வரை மட்டும் கொண்டுபோய், நன்றாக ஆறவிட்டு, இழைக்குக் குறுக்காகத் தாள்போல மெல்லிசாக அரிய வேண்டும். அதற்குப் பொறுமை இல்லையென்றால் மூடிய பாத்திரத்தில் வெங்காயமும் சாறுமாக வேகவைக்கலாம். சில்வர்சைட்டை ஆங்கிலேயர்கள் பல காலம் உப்பில் ஊறப்போட்டு கேரட்டோடு வேகவைத்தே சாப்பிட்டார்கள். அதுதான் சரியான முடிவும்கூட. வறண்ட ரோஸ்ட்டைக் காப்பாற்றக் குழம்பை ஊற்றுவது வெறும் சமாளிப்பு.

அரிவதைப் பற்றி இன்னொரு வார்த்தை. இழை ஓடும் திசையிலேயே வெட்டினால் நீளமான நார் வாயில் சிக்கும். குறுக்கே வெட்டினால் பல்லின் வேலையில் பாதியைக் கத்தியே முடித்துவிடும். நன்றாக வெந்த கறி தட்டில் கெட்டியாகத் தெரிவதற்கு வெட்டிய திசையே பல நேரம் காரணம். செலவே இல்லாத திருத்தம் இது.

கறிச் சமையலின் உண்மையான செல்வம் கிடப்பது விலை குறைந்த பக்கத்தில். அந்தப் பக்கத்தை உலகுக்குக் காட்டியவர்கள் வேறு வழியில்லாமல் அங்கே போனவர்கள்.

பிரிஸ்கெட் எனப்படும் நெஞ்சுக்கறியை எடுத்துக்கொள்ளுங்கள். யூத மதச் சட்டப்படி மாட்டின் பின்பகுதியில் ஓடும் தொடை நரம்பையும் சில கொழுப்புகளையும் முழுக்க நீக்கினால்தான் அந்தப் பகுதி உண்ணத் தகும். அது கடினமான வேலை. ஆகவே இஸ்ரேலுக்கு வெளியே பெரும்பாலான யூத சமூகங்கள் பின்பகுதியை விட்டுவிட்டு முன்பகுதியோடு நிறுத்திக்கொண்டன. முன்பகுதியில் மலிவாகக் கிடைத்தது நெஞ்சு. கிழக்கு ஐரோப்பாவிலிருந்து அமெரிக்காவுக்குப் போன குடும்பங்கள் அதை மூடிய பாத்திரத்தில் மணிக்கணக்கில் வேகவைத்துப் பண்டிகை உணவாக்கின. டெக்சாஸில் அதே நெஞ்சுக்கறி மிளகும் உப்பும் மட்டும் தடவப்பட்டு, கட்டைப் புகையில் பன்னிரண்டு மணி நேரம் அளவுக்குக் கிடந்து கறுத்து நெகிழ்கிறது. ஆஸ்டின் நகரில் 2009இல் ஒரு டிரெய்லரில் தொடங்கிய ஆரன் ஃபிராங்க்ளினின் கடைக்கு முன்னால் காலையிலிருந்தே வரிசை நிற்கும் அளவுக்குப் புகழ் வந்தது. 2015இல் அமெரிக்கச் சமையல் உலகின் உயரிய ஜேம்ஸ் பியர்ட் விருது அவருக்குக் கிடைத்தது.

நெஞ்சுக்கறியைப் புகையில் வைப்பவர்களைக் கலங்கடிக்கும் ஒரு கட்டம் உண்டு. நடுச்சூடு 65, 70 டிகிரியை எட்டியதும் அப்படியே நின்றுவிடும். சில மணி நேரம் அசையாது. கறியின் ஈரம் ஆவியாகும்போது அது உடம்பு வியர்த்துக் குளிர்வதைப்போலத் தன்னைக் குளிர்வித்துக்கொள்கிறது. பயந்துபோய் நெருப்பை ஏற்றினால் வெளிப்புறம் கருகும். தாளில் சுற்றி ஆவியை அடக்கலாம், அல்லது காத்திருக்கலாம். ஈரம் குறைந்ததும் சூடு தானாக ஏறும்.

தோள்கறி இன்னும் சுவாரஸ்யமானது. அமெரிக்காவில் ‘சக்’ என்று அழைக்கப்படும் இந்தப் பாகம் நெடுங்காலம் அரைத்து விற்கவும் குழம்புக்கும் மட்டுமே போனது. நெப்ராஸ்கா, புளோரிடா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2000ஐ ஒட்டிய ஆண்டுகளில் மாட்டின் தோளிலும் தொடையிலும் உள்ள தசைகளைத் தனித்தனியாகப் பிரித்து அளந்தார்கள். தோள்பட்டை எலும்பின்மேல் படிந்திருக்கும் ஒரு தசை, மென்மையில் அண்டர்கட்டுக்கு அடுத்த இடத்தில் இருப்பது தெரியவந்தது. அதன் நடுவே ஓடும் தடித்த ஜவ்வுத் தகடுதான் அதுவரை எல்லோரையும் விரட்டியிருந்தது. தகட்டை நீக்கி இரண்டு பலகைகளாக அறுத்து ‘ஃப்ளாட் அயர்ன்’ என்ற பெயரில் விற்கத் தொடங்கினார்கள். பிரிட்டன் சமையல்காரர்களோ அதே தசையை ஜவ்வோடு முழுசாக வேகவைக்கிறார்கள். நாலு மணி நேரத்தில் தகடு பளபளக்கும் ஜெலட்டின் கோடாகிவிடும். ஒரே தசைக்கு இரண்டு சரியான விடைகள். முறையை முதலில் முடிவுசெய்துவிட்டுக் கறியை அதற்குள் திணித்தவர்களுக்கு இரண்டுமே கிடைத்திருக்காது.

விலை என்பது மென்மைக்குத் தரப்படும் கூலி. சுவைக்கு அல்ல. உழைக்கும் தசையில் மயோகுளோபின் அதிகம், கறியின் நிறமும் மாட்டிறைச்சிக்கே உரிய சுவையும் அங்கேதான் அடர்த்தி. அண்டர்கட் மெத்தென்று இருக்கும்; அதன் சுவை மெலிது. அதனால்தான் மேலைச் சமையலில் அதற்கு வெண்ணெய்ச் சாற்றின் துணை தேவைப்படுகிறது. இரண்டு கிலோ தோள்கறியை உப்பு மட்டும் போட்டு 150 டிகிரியில் மூன்றரை மணி நேரம் மூடி வைத்தால் அடியில் சேரும் சாற்றுக்கு வேறெதுவும் வேண்டாம்.

நம் பக்கத்துக்கு இந்த அறிவு எப்படிப் பொருந்தும்? இங்கே ஒரு முக்கியமான வேறுபாட்டைச் சொல்லியாக வேண்டும். பிரிட்டனில் 1996 முதல் 2005வரை முப்பது மாதத்துக்கு மேற்பட்ட மாட்டின் இறைச்சி உணவுக்கு வரவே கூடாது என்று விதி இருந்தது. தமிழ்நாட்டிலோ 1958ஆம் ஆண்டின் விலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி, பத்து வயதைக் கடந்து உழைப்புக்கும் இனப்பெருக்கத்துக்கும் பயன்படாதது, அல்லது காயத்தாலோ நோயாலோ நிரந்தரமாக முடங்கியது என்ற சான்று இருந்தால்தான் மாட்டை அறுக்க முடியும். ஆங்கிலப் புத்தகத்தின் செய்முறை இரண்டு வயது மாட்டை மனதில் வைத்து எழுதப்பட்டது. கடையில் நமக்குக் கிடைப்பது பெரும்பாலும் பத்து வயதைத் தாண்டிய மாடோ எருமையோ. வயது ஏற ஏறக் கொலாஜன் இழைகளுக்கு இடையிலான பிணைப்புகள் இறுகிச் சூட்டுக்கு எளிதில் மசியாதவையாகிவிடும். புத்தகம் சொன்ன நேரத்தில் வேகவில்லை என்று யாரும் தன் கைப்பக்குவத்தை நொந்துகொள்ளத் தேவையில்லை.

இன்னொன்றும் உண்டு. மேலைநாடுகளில் அறுத்த மாட்டை இரண்டு, மூன்று, சில நேரம் நான்கு வாரம் குளிரில் தொங்கவிடுகிறார்கள். அந்த இடைவெளியில் தசையிலேயே இருக்கும் நொதிகள் இழைகளை வெட்டிக் கறியை மென்மையாக்குகின்றன. நம் கடைகளில் விடிகாலையில் அறுத்தது காலையிலேயே விற்றுத் தீரும். வாடிக்கையாளருக்குப் புதுக்கறிதான் வேண்டும். குளிர்பதன வசதி இல்லாத ஊரில் அதுவே பாதுகாப்பும். ஆனால் உடல் விறைக்கும் கட்டத்தில் இருக்கும் அந்தக் கறி கடினமாகத்தான் இருக்கும். வாங்கியதை மூடி ஒருநாள் குளிர்ப்பெட்டியில் வைத்துவிட்டு மறுநாள் சமைப்பது ஓரளவு உதவும். பப்பாளிக்காய் சிறு துண்டுகளுக்கு நன்றாக வேலைசெய்யும். அதன் நொதி மேற்பரப்பைத் தாண்டி அதிகம் இறங்காது என்பதால் இரண்டு கிலோ முழுத்துண்டுக்கு அதை நம்ப முடியாது.

இந்தச் சூழலை வைத்துப் பார்த்தால் நம் அடுப்படிகள் கண்டுபிடித்த முறை எவ்வளவு துல்லியமானது என்பது புரியும். கேரளத்தின் பீஃப் ரோஸ்ட்டில் முதலில் கறி மூடி வேகிறது. மிளகும் சோம்பும் மல்லியும் சேர்ந்து நார் நெகிழும்வரை வெந்த பிறகுதான் தேங்காய் எண்ணெயில் சின்ன வெங்காயம், கறிவேப்பிலை, தேங்காய்க் கொத்தோடு கறுகறுவென்று உலர்த்தப்படுகிறது. வேகவைத்தல் முதலில், முறுகல் கடைசியில். லீபிக்கின் தவறான பாடத்தை ஐரோப்பா நூறாண்டு ஒப்பித்துக்கொண்டிருந்தது. முதிர்ந்த மாட்டையும் உழைத்த தசையையும் கையாண்ட நம் பெண்கள் சரியான வரிசையைத் தாங்களாகவே கண்டடைந்தார்கள். தமிழ்நாட்டு வறுவலும் சுக்காவும் அதே வழிதான். மிஞ்சியதை உப்பும் மஞ்சளும் தடவி வெயிலில் காயவைத்து உப்புக்கண்டமாக்கிய தலித் குடும்பங்களின் கைத்திறனும், பெரிய அடுப்பில் தம் கட்டும் ஆம்பூர், வாணியம்பாடி பிரியாணிக்காரர்களின் பொறுமையும் இதே அறிவின் கிளைகள். இவற்றை ஏழைகளின் சமையல் என்று ஒதுக்கிவைத்திருப்பது பெரும் அநீதி. ஆய்வகத்தில் தெர்மாமீட்டர் வைத்து நிரூபித்ததை இவர்கள் கையால் தொட்டே அறிந்திருக்கிறார்கள்.

திமிலைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. ஐரோப்பிய மாட்டுக்கு இல்லாத பாகம் அது. ஆங்கிலோ இந்தியக் குடும்பங்கள் அதை உப்பிட்டுப் பதப்படுத்திக் கிறிஸ்துமஸ் மேசைக்குக் கொண்டுவந்தன. ஆந்திரத்தின் ஓங்கோல் மாடுகள் பிரேசிலுக்குக் கப்பலேறி, நெல்லூரின் பெயரால் ‘நெலோரே’ இனமாகப் பெருகின. பிரேசில்காரர்கள் திமிலைக் ‘குபிம்’ என்று அழைத்து, தசையும் கொழுப்பும் குறுக்கும் நெடுக்குமாகப் பின்னியிருக்கும் அந்தப் பாகத்தை மணிக்கணக்கில் மெதுவாகச் சுட்டு உண்கிறார்கள். நம் மாட்டின் சிறந்த ரோஸ்ட் பாகங்களில் ஒன்று நம் கடைகளில் பெயரில்லாமல் மற்ற கறியோடு கலந்து போகிறது.

பாதுகாப்பைப் பற்றியும் இங்கே தெளிவு வேண்டும். முழுத்தசையின் உட்புறத்தில் பொதுவாகக் கிருமி இருப்பதில்லை, மேற்பரப்பில்தான் இருக்கும். அதனால் அமெரிக்க வேளாண் துறை முழுத்துண்டுக்கு 63 டிகிரியும் மூன்று நிமிட இடைவெளியும் போதும் என்கிறது. மேற்பரப்பு முழுக்க உள்ளே கலந்துவிடும் கொத்துக்கறிக்கு 71 டிகிரி கேட்கிறது. இந்தக் கணக்கும், அதற்கும் கீழே நான் சொன்ன 55 டிகிரியும் குளிர்பதனம் அறுபடாமல் தொடரும் இடத்துக்கானவை. வெயிலில் தொங்கிய கறிக்கு நடுவில் இளஞ்சிவப்பு விடுவது புத்திசாலித்தனம் அல்ல. இளஞ்சிவப்பு பிடிக்காத நம் நாக்குக்கும் இதில் இழப்பு எதுவும் இல்லை. முழுவேக்காடு வேண்டுபவர் அண்டர்கட்டுக்குப் பணத்தைக் கொட்டி அதை 75 டிகிரியில் சக்கையாக்குவதுதான் இழப்பு. அவர் நெஞ்சையோ தோளையோ பாதி விலைக்கு வாங்கி 95 டிகிரிவரை கொண்டுபோகட்டும். பிரஷர் குக்கரின் உட்சூடு 120 டிகிரியை நெருங்கும் என்பதால் நாலு மணி நேர வேலை ஒரு மணி நேரத்துக்குள் முடியும். ஆவி தானாக அடங்கும்வரை விட்டு, பிறகு இரும்புச் சட்டியில் சிவக்க வறுத்தால் ஓவனே தேவையில்லை.

வாங்குபவருக்கு இதையெல்லாம் சொல்லவேண்டிய பொறுப்பு விற்பவருக்கு உண்டு என்பதை ஆஸ்திரேலியா ஏற்றுக்கொண்டிருக்கிறது. 1990களின் கடைசியில் அங்கே தொடங்கிய ‘மீட் ஸ்டாண்டர்ட்ஸ் ஆஸ்திரேலியா’ திட்டம், சாதாரண மக்களுக்குக் கறியைச் சுவைக்கக் கொடுத்து அவர்கள் தந்த மதிப்பெண்களை வைத்து, முழு மாட்டுக்குப் பதிலாக ஒவ்வொரு பாகத்துக்கும் தரம் போடுகிறது. அதே பாகம் ரோஸ்ட்டுக்கு ஒரு தரம் பெறும், மெதுவாக வேகவைக்க இன்னொரு தரம் பெறும். மாட்டில் இந்திய இனக் கலப்பு எவ்வளவு என்பதைக் கணிக்கத் திமிலின் உயரத்தைக்கூட அளக்கிறார்கள். அமெரிக்காவில் ஒரே துண்டுக்கு ஊருக்கு ஊர் வேறு பெயர் இருந்த குழப்பத்தை 1973இல் சீர்படுத்திப் பொதுப் பெயர்ப் பட்டியல் வெளியிட்டார்கள்.

தமிழில் வெளிவரும் சமையல் குறிப்புகளில் இன்னமும் ‘பீஃப் அரை கிலோ’ என்றுதான் இருக்கிறது. மீனுக்கு வஞ்சிரமா, சுறாவா, நெத்திலியா என்று எழுதுகிற அதே கை, ஆட்டுக்கு நெஞ்செலும்பு, தொடை, ஈரல் என்று பிரித்துக் கேட்கிற அதே வாய், மாட்டிறைச்சிக்கு மட்டும் எலும்போடா எலும்பில்லாமலா என்ற ஒரே கேள்வியோடு நின்றுவிடுகிறது. கடைக்காரருக்குத் தெரியாமல் இல்லை; நெஞ்சு எது, தோள் எது, எதைப் பிரியாணிக்குக் கொடுக்கலாம், எதை வறுவலுக்கு என்று அவர் கத்திக்குத் தெரியும். கேட்கும் ஆளுக்கு மட்டும் தனியாக அறுத்துத் தருகிறார். குறிப்பு எழுதுபவர்கள் பாகத்தின் பெயரையும் வேகும் நேரத்தையும் சேர்த்து எழுதத் தொடங்கலாம். கடைகள் சுவரில் ஒரு மாட்டின் படத்தை வரைந்து, கழுத்து, தோள், திமில், நெஞ்சு, விலா, அண்டர்கட், பின்தொடை, கால் என்று பிரித்து, ஒவ்வொன்றின் பக்கத்திலும் எத்தனை நேரம் வேகும் என்று எழுதி வைக்கலாம். அதற்கு ஓர் ஓவியரின் ஒருநாள் கூலியும் கொஞ்சம் பெயின்ட்டும் போதும்.